ஒரே கம்பெனிக்கு எதற்கு இத்தனை கார் பெயர்கள்? ஜெனரல் மோட்டார்ஸின் கதை

இந்தக் கதைக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. செவர்லே, பியூக், கேடிலாக், ஜி.எம்.சி. என்று தனித்தனிப் பெயர்களில் விற்கும் வண்டிகள் எல்லாம் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற ஒரே நிறுவனத்துடையவை என்றால், அந்த நிறுவனத்துக்கு ஏன் இத்தனை பெயர்கள்? போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், சாட்டர்ன் போன்ற பெயர்கள் ஏன் மறைந்தன? ஒரு காலத்தில் நம் சாலைகளிலும் ஓடிய செவர்லே இப்போது எங்கே?

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் கார் செய்யத் தொடங்கிய நிறுவனம் அல்ல. கார் கம்பெனிகளை வாங்கிச் சேர்ப்பதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். வாங்கிய ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரோடு வந்தது. பின்னால் வந்த ஒருவர் அந்தப் பெயர்களை விலைப்படி ஏணிப்படிகள் போல அடுக்கினார். அந்த ஏற்பாடு அரை நூற்றாண்டுக்குமேல் பணத்தைக் கொட்டியது. பிறகு, செலவைக் குறைப்பதாக எண்ணிப் படிகளுக்கு இடையே இருந்த வித்தியாசத்தைக் கம்பெனியே அழித்துக்கொண்டது. மற்றதெல்லாம் இதன் விளைவுகள்.

வாங்கிச் சேர்த்தவர் வில்லியம் டியூரன்ட். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்துக்காரர். 1886இல் டல்லஸ் டார்ட் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து குதிரை வண்டி தயாரிக்கத் தொடங்கி, அந்தத் தொழிலில் அமெரிக்காவின் முன்னணியில் இருந்தவர்களுள் ஒருவராக உயர்ந்திருந்தார். இயந்திரம் தெரிந்தவர் அல்லர். விற்கத் தெரிந்தவர். அதைவிட முக்கியமாக, கையில் இல்லாத பணத்தைக் கொண்டு கம்பெனி வாங்கத் தெரிந்தவர். 1904இல் அதே ஊரில் தள்ளாடிக்கொண்டிருந்த பியூக் கம்பெனி அவர் பொறுப்புக்கு வந்தது.

அந்தக் கம்பெனியைத் தொடங்கிய டேவிட் டன்பார் பியூக் ஸ்காட்லாந்தில் பிறந்து சிறுவயதில் டெட்ராய்ட்டுக்கு வந்தவர். அவருடைய பழைய தொழில் குழாய், கழிப்பறை, குளியலறைச் சாமான்கள். வார்ப்பிரும்பின் மேல் எனாமல் பூசும் முறையைச் செம்மைப்படுத்தியவர். வால்வுகளை எஞ்சினின் தலைப்பகுதியில் வைக்கும் அமைப்பும் அவருடைய பட்டறையிலிருந்துதான் காருக்கு வந்தது. அந்தக் காலத்தில் மற்ற எஞ்சின்களை விட அதிகச் சக்தி தந்த அமைப்பு அது. சில ஆண்டுகளில் பியூக் கம்பெனியை விட்டு விலகினார். 1929இல் டெட்ராய்ட்டில் வறுமையில் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய கார்கள் அப்போது ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தன.

1908 செப்டம்பர் 16ஆம் தேதி, நியூ ஜெர்சி மாநிலத்தில், வெறும் 2,000 டாலர் மூலதனம் காட்டி ஜெனரல் மோட்டார்ஸ் (சுருக்கமாக ஜி.எம்.) பதிவு செய்யப்பட்டது. ஃபோர்டின் மாடல் டி கார் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். ஹென்றி ஃபோர்ட் ஒரே காரை எல்லாருக்கும் விற்க முடிவு செய்தார். டியூரன்ட் கிடைத்த கம்பெனிகளை எல்லாம் வாங்க முடிவு செய்தார். பியூக்கை அடுத்து ஓல்ட்ஸ்மொபைல், 1909இல் கேடிலாக், ஓக்லண்ட், கூடவே பல லாரி, உதிரிபாகக் கம்பெனிகள். கார்டர்கார், எல்மோர் என்று இன்று யாருக்கும் நினைவில்லாத பெயர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஹீனி என்ற மின்விளக்குக் கம்பெனியையும் பெருந்தொகைக்கு வாங்கினார். அதன் காப்புரிமைகள் செல்லாதவை என்று பிறகு தெரிந்தது.

1909இல் ஃபோர்டையே வாங்கப் பார்த்தார். பேசிய விலை 80 லட்சம் டாலர். ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுத்தால்தான் பேச்சு என்றார் ஹென்றி ஃபோர்ட். வங்கிகள் அந்த ரொக்கத்தைத் தர மறுத்தன. வங்கியாளர்கள் சில சமயம் எவ்வளவு பெரிய லாபத்தைத் தவறவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

ஓல்ட்ஸ்மொபைலுக்கும் ஒரு தனிக் கதை இருக்கிறது. ரேன்சம் ஓல்ட்ஸ் 1897இல் லான்சிங் நகரில் தொடங்கிய கம்பெனி அது. முன்பக்கம் வளைந்த சிறிய காரை 1901 முதல் ஆயிரக்கணக்கில் செய்து விற்ற அவரைத்தான் பெருமளவு உற்பத்தியின் முன்னோடி என்று சொல்ல வேண்டும். ஃபோர்ட் அதற்குப் பிறகு வந்தவர். டியூரன்ட் வாங்கியபோது ஓல்ட்ஸ் வெளியேறிவிட்டிருந்தார், கம்பெனியிடம் விற்பதற்கு உருப்படியான காரும் இல்லை. அப்போது டியூரன்ட் செய்ததாகச் சொல்லப்படுவது இது: சிறிய பியூக் கார் ஒன்றின் மரப் பாடியை லான்சிங்குக்கு வரவழைத்தார். அதை நீளவாக்கிலும் குறுக்கிலும் ரம்பத்தால் அறுத்து நான்கு துண்டுகளாக்கச் சொன்னார். துண்டுகளைக் கொஞ்சம் விலக்கி வைத்து, இடைவெளியை அடைத்து, இதுதான் புதிய ஓல்ட்ஸ்மொபைல் என்றார். பியூக்கை விடக் கூடுதல் விலைக்கு அது விற்கவும் செய்தது. பெயர்ப் பலகையை மாற்றி விலையை ஏற்றும் வித்தை ஜி.எம்.மின் பிறவிக்குணம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

கேடிலாக் அப்படி அல்ல. அது உண்மையான பொறியாளரின் கம்பெனி. ஹென்றி ஃபோர்ட் தொடங்கிக் கைவிட்ட ஒரு கம்பெனியின் மிச்சத்தில் இருந்து 1902இல் ஹென்றி லேலண்ட் அதை உருவாக்கினார். டெட்ராய்ட் நகரை 1701இல் நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரை அதற்கு வைத்தார். துப்பாக்கித் தொழிற்சாலைகளில் பழகிய லேலண்டுக்கு அளவுத் துல்லியம்தான் மதம். 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் மூன்று கேடிலாக் கார்களை முழுவதும் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து மீண்டும் மூன்று கார்களைப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவிப் பொருத்திய காலம் அது. அதற்காகக் கார்த் துறையின் சிறந்த முன்னேற்றத்துக்குத் தரப்படும் டியூவர் கோப்பை கிடைத்தது. சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக்கில் வந்தபோது அதே கோப்பை மறுபடியும் கிடைத்தது. அதுவரை காரை ஸ்டார்ட் செய்ய முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் கை உடையும்.

இத்தனையையும் கடனில் வாங்கிய டியூரன்டை 1910இல் வங்கிகள் ஓரங்கட்டின. மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்த பந்தய ஓட்டுநர் லூயி செவர்லேவோடு சேர்ந்து 1911 நவம்பரில் புதுக் கம்பெனி தொடங்கினார். லூயிக்குப் பெரிய, விலை உயர்ந்த கார் செய்ய ஆசை. டியூரன்டுக்கு மலிவான கார் வேண்டும். லூயி விலகிப் போனார். பெயர் மட்டும் டியூரன்டிடம் தங்கிவிட்டது. 490 டாலர் விலையில் 'செவர்லே 490' நன்றாக விற்றது. டியூரன்ட் செவர்லே பங்குகளைக் கொடுத்து ஜி.எம். பங்குகளை வாங்கிச் சேர்த்து, 1916இல் தான் வெளியேற்றப்பட்ட கம்பெனிக்கே முதலாளியாகத் திரும்பினார். செவர்லே ஜி.எம்.முக்குள் வந்த வழி இது. லூயி செவர்லே பிற்காலத்தில் மெக்கானிக்காக வேலை பார்க்க வேண்டிய நிலைக்கு வந்தார் என்பது இந்தக் கதையின் இன்னொரு பக்கம்.

1920இல் பொருளாதாரம் சரிந்தபோது டியூரன்ட் மீண்டும் விழுந்தார். பங்கு விலையைத் தாங்கிப் பிடிக்கத் தன் கைப்பணத்தையும் கடனையும் கொட்டியவரை, ஜி.எம்.மில் பெரும் பங்கு வைத்திருந்த, ரசாயனத் தொழில் நடத்திய து பான்ட் குடும்பமும் வங்கிகளும் சேர்ந்து வெளியே அனுப்பின. இந்த முறை திரும்ப முடியவில்லை. 1936இல் திவாலானார். கடைசிக் காலத்தில் ஃபிளின்ட்டில் ஒரு பந்துருட்டுக் கூடம் நடத்தினார். 1947இல் இறந்தார்.

இந்தக் கம்பெனியில் இருந்து வெளியேறியவர்கள் வெளியே போய்ப் போட்டி உருவாக்கியதும் கவனிக்க வேண்டியது. பியூக்கை நடத்திய வால்டர் கிரைஸ்லர் டியூரன்டோடு ஒத்துப்போக முடியாமல் விலகிப் பிறகு கிரைஸ்லர் கம்பெனியை நிறுவினார். ஜி.எம். தலைவராக இருந்த சார்ல்ஸ் நாஷ் வெளியேறி நாஷ் மோட்டார்ஸ் தொடங்கினார். லேலண்ட் 1917இல் விலகி லிங்கன் கம்பெனியை உருவாக்க, அதை 1922இல் ஃபோர்ட் வாங்கிக்கொண்டார். ஆக, கேடிலாக்குக்கும் அதன் பரம எதிரி லிங்கனுக்கும் தகப்பன் ஒருவரே.

டியூரன்ட் விட்டுச் சென்றது ஒரு குவியல். 1921இல் ஏழு கார் பெயர்கள் இருந்தன. அவற்றில் லாபம் தந்தவை பியூக்கும் கேடிலாக்கும் மட்டுமே. பல பெயர்கள் ஒரே விலையில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அமெரிக்கச் சந்தையில் பாதிக்குமேல் ஃபோர்டின் கையில். செவர்லேயை மூடிவிடலாம் என்று வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. அதை எதிர்த்து வாதாடிக் காப்பாற்றியவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். உருளைத் தாங்கிகள் செய்யும் கம்பெனி ஒன்றை நடத்தியவர், டியூரன்ட் அதை வாங்கியபோது கூடவே வந்தவர். 1923இல் தலைவரானார். மெலிந்த உடம்பு, கணக்கில் குறி, பேச்சில் சிக்கனம். எல்லா வகையிலும் டியூரன்டுக்கு நேர் எதிர்.

450 டாலர் முதல் 3,500 டாலர் வரை இருந்த சந்தையை ஸ்லோன் குழு ஆறு விலைப் பட்டைகளாகப் பிரித்தது. ஒரு பட்டைக்கு ஒரு கார். ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று நுழையக் கூடாது. பொருந்தாத பெயர்கள் மூடப்பட்டன. நாளடைவில் உருவான வரிசை செவர்லே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், கேடிலாக். தொழிற்சாலைக்கு முதன்முதலில் வேலைக்குப் போகும் இளைஞன் செவர்லே வாங்குவான். மேற்பார்வையாளர் ஆனால் போன்டியாக். கடை வைத்தால் ஓல்ட்ஸ்மொபைல். ஊர் மருத்துவரும் வங்கி மேலாளரும் பியூக். கம்பெனித் தலைவர் கேடிலாக். ஒருவர் வாழ்க்கையில் எவ்வளவு உயர்ந்தாலும் அவர் பணம் ஜி.எம்.முக்குள்ளேயே இருக்கும். தெருவில் நிற்கும் காரைப் பார்த்தே அந்த வீட்டுக்காரரின் சம்பளத்தைக் கணிக்கலாம் என்பதுதான் வாங்குபவருக்குக் கிடைத்த கௌரவம், அல்லது நோய்.

இந்த ஏற்பாட்டுக்குப் பக்கபலமாக வேறு மூன்று விஷயங்கள் இருந்தன. 1919இல் தொடங்கிய ஜி.எம்.ஏ.சி. என்ற கடன் கம்பெனி தவணையில் கார் கொடுத்தது. தவணையை ஃபோர்ட் நெடுநாள் வெறுத்தார். து பான்டின் விரைவில் காயும் டியூகோ வண்ணப்பூச்சு கறுப்பைத் தவிர மற்ற நிறங்களையும் சாத்தியமாக்கியது. ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்பாளரை ஹாலிவுட்டில் இருந்து அழைத்து 1927இல் கலைக்கும் வண்ணத்துக்கும் தனிப் பிரிவே அமைத்தார்கள். அவர் களிமண்ணில் காரின் உருவத்தைச் செய்து பார்த்து வடிவமைத்தார். ஒவ்வோர் ஆண்டும் தோற்றம் மாறியது. சென்ற ஆண்டுக் கார் வைத்திருப்பவருக்குக் கூச்சம் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைப் பழையதாக உணரவைப்பது இன்று கைப்பேசி விற்பவர்களின் அன்றாட வேலை. அதைப் பெரிய அளவில் முதலில் செய்து காட்டியவர்கள் இவர்கள். ஃபோர்ட் மாடல் டி-யை நிறுத்தியது 1927இல். 1931 முதல் 2007 வரை உலகில் அதிகக் கார் விற்ற நிறுவனம் ஜி.எம். தான்.

பெயர் போடுவதில் தோல்விகளும் உண்டு. விலை வரிசையில் இருந்த இடைவெளிகளை நிரப்ப 1920களின் இறுதியில் நான்கு துணைப் பெயர்களை உருவாக்கினார்கள். ஓக்லண்டுக்குத் துணையாகப் போன்டியாக், கேடிலாக்குக்கு லாசால், ஓல்ட்ஸ்மொபைலுக்கு வைக்கிங், பியூக்குக்கு மார்க்கெட் (Marquette). 1929இன் பொருளாதார வீழ்ச்சியில் கடைசி இரண்டும் உடனே மறைந்தன. லாசால் 1940 வரை தாக்குப்பிடித்தது. போன்டியாக் மட்டும் தாயையே விழுங்கிவிட்டது: 1930களின் தொடக்கத்தில் ஓக்லண்ட் போய் அதன் இடத்தில் போன்டியாக் உட்கார்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது, போன்டியாக் முதலிலிருந்தே செவர்லேயின் பாகங்கள் பலவற்றைப் பகிர்ந்துகொண்ட கார். ஆனால் எஞ்சின் ஆறு சிலிண்டர். செவர்லேக்கு அப்போது நான்குதான். உள்ளே பொதுவாகவும் மேலே வேறாகவும் வைக்கும் இந்தச் சூத்திரம் ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரிந்தவரை பலித்தது.

தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கம்பெனியின் கதையைச் சொல்ல முடியாது. 1936 டிசம்பர் 30 அன்று ஃபிளின்ட்டின் ஃபிஷர் பாடி ஆலைகளில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், ஆனால் வெளியே வரவில்லை. இயந்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே மறியல் செய்தால் வேறு ஆளை வைத்து ஆலையை ஓட்டிவிடலாம்; உள்ளே உட்கார்ந்திருந்தால் முடியாது. நிர்வாகத்தினர் சூடேற்றும் குழாய்களை நிறுத்திப் பார்த்தார்கள், போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. மாநில ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி தேசியக் காவல் படையை அனுப்பினார், ஆனால் தொழிலாளர்களை விரட்ட அதைப் பயன்படுத்த மறுத்தார். 44 நாட்களுக்குப் பின், 1937 பிப்ரவரி 11 அன்று தொழிலாளர் சங்கத்தை ஜி.எம். அங்கீகரித்தது. அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் இதற்கு இணையான வெற்றிகள் குறைவு. 1950இல் கையெழுத்தான ஐந்தாண்டு ஒப்பந்தம் ஓய்வூதியமும் மருத்துவச் செலவுப் பொறுப்பும் தந்தது. கம்பெனி வளர்ந்துகொண்டிருந்தவரை அது சுமையாகத் தெரியவில்லை.

1950கள் ஜி.எம்.மின் உச்சம். 1948 கேடிலாக்கில் போர் விமானத்தைப் பார்த்து ஏர்ல் வைத்த சிறு வால்துடுப்பு 1959இல் அபத்தத்தின் எல்லைவரை உயர்ந்தது. 1953இல் செவர்லேயின் விளையாட்டுக் காரான கொர்வெட் 300, எல்லாம் வெள்ளை நிறத்தில், ஃபிளின்ட்டில் செய்யப்பட்டன. 1955இல் ஒரே ஆண்டில் 100 கோடி டாலருக்கு மேல் லாபம் ஈட்டிய முதல் அமெரிக்க நிறுவனமானது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி ஜி.எம். கார்கள். இன்னும் வளர்ந்தால் அரசு கம்பெனியை உடைத்துவிடுமோ என்று உள்ளே பயந்தார்கள். கார் மட்டுமா, ஃபிரிஜிடேர் குளிர்பதனப் பெட்டியும் அவர்களுடையதாக இருந்தது, ரயில் எஞ்சினும் அவர்களுடையதாக இருந்தது. இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.ஜி.4, டபிள்யூ.டி.பி.4 டீசல் எஞ்சின்கள் ஜி.எம்.மின் ரயில் எஞ்சின் பிரிவு வடிவமைத்தவை. பிறகு வாரணாசியில் நாமே கட்டினோம். அந்தப் பிரிவை ஜி.எம். 2005இல் விற்றுவிட்டது. அதன் ஆய்வகம் உலகுக்குத் தந்த இன்னொரு பொருள் பெட்ரோலில் கலக்கும் ஈயம். 1921இல் கெட்டரிங்கின் கீழ் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தது. எஞ்சின் உள்ளே தட்டும் சத்தமில்லாமல் ஓடியது. பல தலைமுறைக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது.

இறுமாப்பும் அப்போதே உள்ளே வந்துவிட்டது. பின்பக்கம் எஞ்சின் வைத்த செவர்லே கோர்வெயர் காரின் பாதுகாப்புக் குறைகளை 1965இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் ஒரு புத்தகத்தில் எழுதினார். குறையைத் திருத்துவதற்குப் பதிலாக அவரை வேவு பார்க்கத் தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தியது கம்பெனி. அது வெளியே வந்து, 1966இல் ஜி.எம். தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன் மன்னிப்புக் கேட்டார். கார்ப் பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெயர்கள் ஏன் செத்தன? எரிபொருள் நெருக்கடி, ஜப்பானியக் கார்கள், தொழிலாளர் செலவு என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவை ஜி.எம். ஏன் சுருங்கியது என்பதைச் சொல்கின்றன, ஓல்ட்ஸ்மொபைல் என்ற பெயருக்கு ஏன் பொருளே இல்லாமல் போனது என்பதைச் சொல்வதில்லை. அதற்கு 1977இல் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஓல்ட்ஸ்மொபைல் 1949இல் இருந்து 'ராக்கெட்' எஞ்சின் என்று விளம்பரம் செய்து வளர்ந்த பெயர். சிகாகோவில் ஒருவர் தன் புதிய ஓல்ட்ஸ்மொபைலைப் பழுது பார்க்க விட்டபோது உதிரிபாகம் பொருந்தவில்லை. பார்த்தால், உள்ளே இருந்தது செவர்லே எஞ்சின். ஓல்ட்ஸ்மொபைல் எஞ்சின்கள் எண்ணிக்கையில் போதவில்லை என்று சத்தமில்லாமல் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். வழக்குகள் குவிந்தன. கம்பெனி இழப்பீடு கொடுத்தது. அந்த செவர்லே எஞ்சின் உண்மையில் நல்ல எஞ்சின்தான். ஆனால் மேல்படிக்குக் கூடுதல் பணம் கொடுத்தவரிடம் கீழ்ப்படியும் இதுவும் ஒன்றுதான் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிட்டது.

அதன்பின் நிலைமை மோசமானது. 1982 மாடலாக வந்த கேடிலாக் சிமரோன், சிறிய செவர்லே கவலியர் காருக்குத் தோல் இருக்கை போட்டு விலையை உயர்த்திய வண்டி. பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1983இல் ஃபார்ச்சூன் வணிக இதழ் செவர்லே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் நான்கின் நடுத்தரக் கார்களை அட்டைப்படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது. நான்கும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன. 1981 முதல் 1990 வரை தலைவராக இருந்த ராஜர் ஸ்மித் ரோபோக்களிலும், ஒரு கணினிக் கம்பெனியிலும், ஒரு விமானக் கம்பெனியிலும் பணத்தைக் கொட்டினார். கார் வாங்க வந்தவருக்கு எதற்காக பியூக்குக்குக் கூடக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல டீலரிடம் பதில் இல்லை.

அதே ஸ்மித் காலத்தில்தான் ஜி.எம். செய்த மிக நல்ல சோதனையும் பிறந்தது. டென்னசியின் ஸ்பிரிங் ஹில்லில் தனி ஆலை, தனித் தொழிலாளர் ஒப்பந்தம், பேரம் இல்லாத ஒரே விலை என்று 1990இல் சாட்டர்ன் கார் வந்தது. 1994இல் கார்க்காரர்களை ஆலைக்கு விருந்துக்கு அழைத்தபோது பல்லாயிரம் பேர் குடும்பத்தோடு திரண்டு போனார்கள். நடுத்தர விலைக் கார் ஒன்றுக்கு இப்படிப்பட்ட பக்தர்கள் கிடைப்பது அபூர்வம். மற்றப் பிரிவுகளின் பொறாமையில் பல ஆண்டுகள் அதற்குப் புது மாடல் கொடுக்கப்படவில்லை. கொடுத்தபோது, மற்றவர்களின் வண்டிகளுக்கு சாட்டர்ன் பெயர்ப் பலகை ஒட்டிக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் ஜி.எம். இழந்தவற்றில் வருத்தப்பட வேண்டியது இதற்குத்தான், போன்டியாக்குக்கு அல்ல. மின்சாரக் காரிலும் இதே கதை: 1996இல் இ.வி.1 காரை வாடகைக்கு மட்டும் விட்டு, வைத்திருந்தவர்கள் கெஞ்சக் கெஞ்சத் திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டார்கள்.

ஓல்ட்ஸ்மொபைலின் கடைசிக் கார் 2004 ஏப்ரல் 29 அன்று லான்சிங் ஆலையில் இருந்து வெளிவந்தது. 2000களில் ஒவ்வொரு காரின் விலைக்குள்ளும் தொழிலாளர்களுக்கான மருத்துவச் செலவு சுமார் 1,500 டாலர் ஒளிந்திருந்தது. லாபம் தந்தவை பெரிய பிக்கப், எஸ்.யூ.வி. வண்டிகள் மட்டும். 2008இல் பெட்ரோல் விலை ஏறி, கடன் சந்தை உறைந்ததும் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. உதவி கேட்டு வாஷிங்டனுக்கு ஜி.எம்., ஃபோர்ட், கிரைஸ்லர் என்ற மூன்று கார்க் கம்பெனிகளின் தலைவர்களும் தனித்தனித் தனி விமானங்களில் போய் இறங்கியது நாடெங்கும் கேலியானது. 2009 ஜூன் 1 அன்று ஜி.எம். திவால் மனு கொடுத்தது. அரசு ஏறக்குறைய 5,000 கோடி டாலர் போட்டது. கடைசிப் பங்கை விற்று வெளியேறியபோது சுமார் 1,000 கோடி டாலர் திரும்பவில்லை.

திவாலில் பெயர்களை வெட்ட வேண்டியிருந்தது. போன்டியாக் மூடப்பட்டது. சாட்டர்னை வாங்க வந்தவர் பின்வாங்கியதால் அதுவும் மூடப்பட்டது. ஹம்மர் என்ற எஸ்.யூ.வி. பெயரை வாங்க முயன்ற சீனக் கம்பெனிக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஸ்வீடனின் சாப் விற்கப்பட்டு 2011இல் திவாலானது. மிஞ்சியவை நான்கு: செவர்லே, கேடிலாக், பியூக், ஜி.எம்.சி.

முதியோர் கார் என்று கேலி செய்யப்பட்ட பியூக் ஏன் தப்பியது? சீனா. கடைசிச் சக்கரவர்த்தி பூ யீயிடம் பியூக் இருந்தது. சீனப் பிரதமராக இருந்த சௌ என்லாயின் ஷாங்காய் இல்லத்தில் இன்றும் ஒரு பியூக் காட்சிக்கு நிற்கிறது. 1997இல் ஷாங்காயில் கூட்டு நிறுவனம் தொடங்கியபோது ஜி.எம். அந்த மதிப்பை அறுவடை செய்தது. 2009இல் அமெரிக்காவில் விற்றதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் பியூக் கார்கள் சீனாவில் விற்றன. அதே சீனா பிறகு உள்நாட்டு மின்சாரக் கார்களுக்கு மாறி, 2024இல் ஜி.எம்.முக்குப் பெரும் நஷ்டம் காட்டியது வேறு கதை. ஜி.எம்.சி. தப்பியது இன்னும் வேடிக்கை. அதன் சியர்ரா பிக்கப், செவர்லே சில்வராடோவின் உடன்பிறப்பு. வித்தியாசம் முகப்பிலும் உள் அலங்காரத்திலும்தான் அதிகம். ஆனால் ஆட்கள் சில ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்து மகிழ்ச்சியாக வாங்குகிறார்கள். கார்களில் செத்துப்போன வித்தை லாரி முகத்தில் இன்னும் பலிக்கிறது.

2014 ஜனவரியில் மேரி பாரா தலைமை ஏற்றார். பெரிய கார் நிறுவனம் ஒன்றின் முதல் பெண் தலைவர். அவர் தந்தை போன்டியாக்கில் உலோக அச்சுகள் (டை) செய்யும் தொழிலாளி. பதவிக்கு வந்த சில வாரங்களில், பழுதான இக்னிஷன் சுவிட்சை ஆண்டுக்கணக்கில் மறைத்த விவகாரம் வெடித்தது. ஓடும்போதே சாவி நழுவி எஞ்சின் அணைந்து, காற்றுப்பையும் விரியாமல் போகும் குறை அது. 124 மரணங்களுக்கு இழப்பீடு கொடுக்கப்பட்டது. அவர் காலத்தில்தான் ஐரோப்பாவின் ஓப்பல், வாக்ஸ்ஹால் இரண்டையும் 2017இல் விற்றார்கள். ஆஸ்திரேலியர்களின் பெருமையான ஹோல்டன் பெயரை 2020இல் மூடினார்கள்.

இந்தியாவுக்கு வந்தால், ஜி.எம். இங்கே புதியவர் அல்ல. 1928இல் பம்பாயில் செவர்லே கார்களையும் லாரிகளையும் பூட்டி விற்றது. 1954இல் மூடிக்கொண்டு போனது. 1980களில் நாம் பெருமையாகப் பார்த்த கான்டெஸா காரின் உடம்பு பழைய வாக்ஸ்ஹாலுடையது. 1990களில் குஜராத்தின் ஹாலோலில் ஓப்பல் அஸ்ட்ராவோடு திரும்பி வந்தார்கள். ஓப்பல் என்ற பெயரை மக்கள் பழகுவதற்குள் 2003இல் செவர்லே என்று மாற்றினார்கள். அந்த செவர்லேக்களில் ஆப்ட்ராவும் ஸ்பார்க்கும் கொரியாவின் டேவூ கார்கள்; ஸ்பார்க் நாம் ஏற்கெனவே பார்த்த மேட்டிஸின் அடுத்த தலைமுறைதான். தவேரா ஜப்பானின் இசுசு. சுற்றுலா வாடகை வண்டியாகத் தமிழ்நாடு முழுவதும் ஓடிய தவேரா உழைப்பாளி வண்டி, ஆனால் அதை வாங்கியவர்கள் செவர்லே என்பதற்காக வாங்கவில்லை. 2013இல் புகைச் சோதனையில் நடந்த முறைகேட்டுக்காக 1,14,000 தவேராக்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2015இல் 100 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தவர்கள், 2017இல் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டார்கள். ஹாலோல் ஆலை சீனாவின் சாயிக் கம்பெனி கைக்குப் போய் இன்று அங்கே எம்.ஜி. கார்கள் வருகின்றன. ஏற்றுமதிக்காக 2020 வரை ஓடிய புனே அருகிலுள்ள தளேகாவ் ஆலையை வாங்க 2023இல் ஹூண்டாய் ஒப்பந்தம் செய்துகொண்டது.